ஒரே போன், மூன்று பிள்ளைகள்: கைபேசிப் பாடம் எல்லாருக்கும் எட்ட

ஆசிரியர்களே, கைபேசிக்கு அனுப்பும் பாடத்தைத் தயாரிக்க உட்காரும் முன் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே நான்கு விவரம் வேண்டும்: வீட்டில் போன் யாருடையது, எத்தனை மணிக்குப் பிள்ளை கைக்கு வரும், சிக்னல் எங்கே கிடைக்கும், பார்வையிலோ செவியிலோ விரல் அசைவிலோ சிரமம் உண்டா. திருநெல்வேலி மாவட்டத்தில், முக்கூடல் பக்கம் அம்மா பீடிக்கடைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும். காரையாறு மலைக் குடியிருப்புகளில் சிக்னலை நம்பி எதையும் திட்டமிட முடியாது. காலை பத்து மணிக்கு நேரலை வகுப்பு வைத்தால் இந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் வெளியேதான் நிற்பார்கள். எப்போது திறந்தாலும் படிக்கக்கூடிய பாடமாகத் தயாரியுங்கள். முதலில் எழுத்து, அடுத்து ஒலி, கடைசியில் வீடியோ.

எழுத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. பழைய கேள்வித்தாள்கள் பலவும் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த ‘அம்மா’வைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் செயலி) ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்ற கணக்கில்தான் படிக்கும். பார்வையற்ற பிள்ளை அதைக் கேட்டு என்ன செய்யும்? சோதிக்க அரை நிமிடம் போதும்: ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தாக வந்து விழுந்தால் யூனிகோடுக்கு (எந்தப் போனும் தமிழாகவே அறியும் எழுத்துக் குறியீட்டுக்கு) மாற்றியே ஆகவேண்டும். மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படித்துத் திருத்துங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

புத்தகப் பக்கத்தைப் போட்டோ பிடித்து பி.டி.எஃப். ஆக்கினால் அது வெறும் படம். திரைவாசிப்பானுக்கு அதில் ஓர் எழுத்தும் கிடைக்காது. ஏ4 பக்கம் சின்னத் திரையில் இடமும் வலமும் இழுத்துப் படிக்கவும் வைக்கும். குறிப்புகளைச் செய்தியாகவே அடித்து அனுப்பினால் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி தானாக மடிந்துகொள்ளும். ‘சிவப்பில் உள்ளதை மனப்பாடம் செய்க’ என்று எழுதாதீர்கள். நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் உண்டு. ‘முக்கியம்’ என்று சொல்லாகவே எழுதுங்கள்.

படம் அனுப்பினால் அடுத்த செய்தியில் அதன் விவரத்தை எழுதுங்கள். ‘தாமிரபரணி வரைபடம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. இப்படி எழுதலாம்: ‘தாமிரபரணி மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. மணிமுத்தாறும் பச்சையாறும் தெற்கிலிருந்து வந்து கலக்கின்றன; கடனா நதியும் சிற்றாறும் வடக்கிலிருந்து.’ படத்தைப் பார்த்த பிள்ளையும் இதைப் படித்தால் தெளிவாகும்.

ஒலிப்பதிவுக்கு மின்விசிறியை நிறுத்தி, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பதிவுச் செயலியின் அமைப்பில் மோனோ (ஒற்றை ஒலித்தடம்), 32 கே.பி.பி.எஸ். (விநாடிக்கு 32 கிலோபிட்) போதும். நிமிடத்துக்கு 240 கே.பி.தான் ஆகும்; பத்து நிமிடப் பாடம் இரண்டரை எம்.பி.க்குள் அடங்கும். அதையே 720பி வீடியோவாக எடுத்தால் நூறு எம்.பி.யைத் தாண்டிவிடும். ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ‘7 அறிவியல் பாடம் 3 பகுதி 1’ என்று கோப்புக்குப் பெயரிடுங்கள். வாய்ஸ் நோட்டுக்குப் பெயர் கிடையாது. ஒரு வாரம் கழித்துத் தேடினால் எது எந்தப் பாடம் என்று யாருக்கும் தெரியாது.

வீடியோ செய்முறைக்கு மட்டும் போதும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழவேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டு, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. பேச்சைக் கீபோர்டின் குரல் தட்டச்சில் எழுத்தாக்கி, கலைச்சொற்களைக் கையால் திருத்தி, வசனவரியாகச் சேருங்கள். வரிகள் சின்னதாக இருக்கட்டும். சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. நீண்ட வாக்கியம் ஓடி மறைவதற்குள் படித்து முடியாது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் உண்டு. அங்குள்ள ஆசிரியர்களிடம் ஒரு மாதிரிப் பாடத்தைக் காட்டிக் கேட்டால் பாதிப் பிழை அன்றே தீரும்.

கூகுள் படிவத்தில் தேர்வு வைத்தால் கட்டம் போட்ட கேள்வி வேண்டாம். போன் திரையில் பக்கவாட்டில் ஒளிந்துகொள்ளும். ஒன்றன்கீழ் ஒன்றாக விடைகள் வரும் வகையே நல்லது. நேரக்கெடுவைக் குறைந்தது ஓர் இரவு தாண்டி வையுங்கள்.

அனுப்புமுன் நீங்களே சோதித்துப் பாருங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்துங்கள், ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக் தொடங்கும்; நிறுத்தவும் அதேதான். சில போன்களில் முதலில் செட்டிங்ஸில் இந்தக் குறுக்குவழியை இயக்கவேண்டியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளித் தள்ளிப் போங்கள், திறக்க இருமுறை தட்டுங்கள். எங்கே தடுமாறினீர்களோ அங்கே பாடத்தைத் திருத்துங்கள். தமிழ் வரி வந்தால் மட்டும் போன் மௌனமானால் பாடத்தில் பிழையில்லை, தமிழ்க் குரல் இறங்கவில்லை. செட்டிங்ஸில் ‘எழுத்திலிருந்து பேச்சு’ பகுதியில் தமிழ்க் குரலை வைஃபை உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிக் கொடுத்துவிடுங்கள்.

நெட்டே எட்டாத பிள்ளைகளுக்கு மெமரி கார்டுதான் வழி. வாரம் ஒன்றுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் 1, 2, 3 என்று எண்ணிட்ட கோப்புகள். ஆளுக்கு இரண்டு கார்டு வைத்துக்கொண்டால் ஒன்று வீட்டில் இருக்கும்போது மற்றதில் அடுத்த வாரப் பாடத்தை ஏற்றலாம். போனே இல்லாத வீட்டுக்கு அதே எழுத்துக் குறிப்பைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அதே நாளில் கொடுத்தனுப்புங்கள்.