செம்மண் ரோட்டுல ஓடுற காடிய (கார) வீட்டுலயே பாத்துக்கிறது எப்படி

சுங்கை சிப்புட் டவுன்ல இருந்து எங்க தோட்டத்துக்கு வர்ற ரோடு கடைசி மூணு கிலோமீட்டர் வெறும் செம்மண். மழை இல்லாத நாள்ல செம்பனைக் குலை ஏத்துன லோரி முன்னாடி போச்சுன்னா பின்னாடி வர்றவங்களுக்கு ரோடே தெரியாது, அந்தத் தூசி அத்தனையும் காடி மூக்கு வழியா உள்ளதான் போகுது. அதனால புதுசா காடி வேலை கத்துக்கணும்னு நினைக்கிறவங்க எடுத்ததுமே கருப்பு ஆயில்ல (எஞ்சின் ஆயில்ல) கை வைக்க வேணாம், எஞ்சினுக்குப் போற காத்த வடிகட்டுற ஏர் ஃபில்டர்ல இருந்து ஆரம்பிங்க. இதுக்கு காடிக்கு அடியில படுக்க வேணாம், தப்பு பண்ணாலும் பெருசா ஒண்ணும் கெட்டுப் போகாது.

போனட்ட தூக்குனா எஞ்சின் மேலயோ பக்கத்துலயோ ஒரு கருப்பு பிளாஸ்டிக் பொட்டி இருக்கும், அதுக்குள்ளதான் ஏர் ஃபில்டர். நிறைய காடில கிளிப்ப விரலாலயே தட்டி விடலாம், சிலதுக்கு ஸ்க்ரூ. திறக்கிறதுக்கு முன்னாடி மூடிய சுத்தி ஈரத்துணியால துடைச்சிருங்க, இல்லாட்டி மேல கிடக்கிற மண்ணு உள்ள விழுந்து நேரா எஞ்சினுக்குப் போயிரும். ஃபில்டர எடுத்து வெயிலுக்கு நேரா தூக்கிப் புடிங்க. மடிப்புக்கு நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா இன்னும் ஓடும், சிமெண்ட் தரையில மெதுவா தட்டி தூசிய கொட்டிட்டு மறுபடி போடலாம். தெரியலன்னா மாத்திருங்க. காத்து அடிச்சு சுத்தம் பண்றதா இருந்தா சுத்தமான பக்கத்துல இருந்து அழுக்குப் பக்கம் பாத்து அடிங்க, எதிர்ப்பக்கமா அடிச்சா தூசி இன்னும் ஆழமா போய் உக்காந்துக்கும். தண்ணியில கழுவவே கூடாது, பேப்பர் ஃபில்டர் ஊறிப் போயிரும். காடி மேனுவல்ல தூசி ரோடு, குறைஞ்ச தூர ஓட்டம்னு தனியா ஒரு பக்கம் போட்டிருப்பான், நம்ம தோட்டத்துக் காடி எல்லாம் அந்தக் கணக்குலதான் வரும், அதனால அதுல சொல்ற சின்ன இடைவெளியத்தான் பாக்கணும்.

அடுத்தது ஞாயித்துக்கிழமை காலையில பத்து நிமிஷ வேலை, எஞ்சின் சூடாகுறதுக்கு முன்னாடி. காடி சமமான இடத்துல நிக்கணும். எஞ்சின் ஆயில் அளவு பாக்கிற கம்பிய, அதான் டிப் ஸ்டிக்க, உருவி துடைச்சு மறுபடி முழுசா சொருகி எடுத்துப் பாருங்க, ஆயில் ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். நிறம் கருப்பா இருந்தா பயப்பட வேணாம், மைலோ கலக்குன மாதிரி இருந்தாதான் தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம், அப்படி இருந்தா காடிய ஓட்டாம போமன (மெக்கானிக்க) கூப்பிடுங்க. எஞ்சின குளிர வைக்கிற கூலன்ட் தண்ணி டாங்கியில கோட்டப் பாருங்க. ரேடியேட்டர் மூடிய சூட்டோட திறக்கவே கூடாது, உள்ள அழுத்தத்துல இருக்கிற தண்ணி மூஞ்சியில பீச்சியடிச்சுரும். டயர் காத்தும் சூடாகாத நேரத்துல பாக்கணும், எவ்வளவுன்னு டிரைவர் கதவு ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும். பெட்ரோல் ஸ்டேஷன் மெஷின் கிலோபாஸ்கல்ல காட்டும், 32 பிஎஸ்ஐன்னா சுமாரா 220. டயர் பட்டையில இருக்கிற பள்ளத்தோட ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு கீழ போனா மாத்தியே ஆகணும். பேட்டரி முனையில வெள்ளையா பூத்திருந்தா மைனஸ் வயர முதல்ல கழட்டி சுடுதண்ணி ஊத்தி பிரஷ்ஷால தேய்ங்க, மாட்டும்போது மைனஸ கடைசியா மாட்டுங்க.

இதெல்லாம் ரெண்டு மாசம் பழகுன பிறகு எஞ்சின் ஆயில் மாத்தலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஜாக்கு பத்தி சொல்லியாகணும். நான் முதல் தடவ வீட்டு முத்தத்துலயே ஜாக்கு வச்சேன், முந்துன நாள் மழை, மண்ணு மேல காஞ்சி உள்ள ஈரம். முன் டயர் தரையவிட்டு எழும்பி நின்னதும் ஜாக்கு ஒரு பக்கமா மெதுவா சாஞ்சி காடி தடக்குன்னு இறங்கிருச்சு. நான் அப்பதான் ஸ்பானர் எடுக்க வீட்டுக்குள்ள போயிருந்தேன். தோட்டத்துல லோரி ஓட்டுன பெரியப்பா வந்து பாத்துட்டு திட்டவே இல்ல, அந்தக் குழிய காலால காட்டி "இங்கதானடா உன் நெஞ்சு இருந்திருக்கும்"னு சொல்லிட்டு போயிட்டாரு. அன்னைக்கே தூக்குன காடிய தாங்கி நிக்கிற இரும்பு முட்டு, ஜாக் ஸ்டாண்ட், ரெண்டு வாங்கினேன். சிமெண்ட் தரை, ஹேண்ட் பிரேக், பின் டயருக்கு கட்டை, ஜாக் ஸ்டாண்ட், இந்த நாலும் இல்லாம அடியில போகாதீங்க.

எஞ்சின அஞ்சு நிமிஷம் ஓட்டி இளஞ்சூடாக்குனா ஆயில் நல்லா வடியும். பாத்திரத்த கீழ வச்சு, எஞ்சினுக்கு அடியில ஆயில் தேங்குற தொட்டியில (ஆயில் பான்ல) இருக்கிற போல்ட்ட இடப்பக்கமா திருப்பி கழட்டுங்க, கைய ஓரமா வச்சுக்கோங்க, சூடா கொட்டும். வடியுற நேரத்துல ஆயில் ஃபில்டர கழட்டுங்க. பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் சில நேரம் எஞ்சின்லயே ஒட்டிக்கும், கண்டிப்பா விரலால தடவிப் பாருங்க, அத விட்டுட்டு புதுசு மாட்டுனா ரெண்டு ரப்பர் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து ஆயில் முழுசா வெளிய வந்துரும். புது ரப்பர்ல கொஞ்சம் புது ஆயில் தடவி கையால மாட்டுங்க, ரப்பர் தொட்டதுக்கு அப்புறம் முக்கா சுத்து போதும். கீழ் போல்ட்டுக்கு புது வாஷர், முதல்ல விரலாலயே திருகி ஏத்தணும், ஸ்பானர்ல மூச்ச புடிச்சு இறுக்குனா மரை போயிரும், அதுக்கு அப்புறம் ஆயில் பான் செலவுதான். ஆயில் கிரேடும் அளவும் மேனுவல்ல இருக்கும், சொன்னதுல கொஞ்சம் குறைச்சு ஊத்தி, அரை நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப் ஸ்டிக் பாத்து மிச்சத்த ஊத்துங்க.

பழைய ஆயில லோங்காங்ல (சாக்கடையில) ஊத்தாதீங்க. தோட்டத்துல முன்ன மரத்தூணுக்கு கரையான் வராம இருக்க பூசுவாங்க, மிச்சத்த கொல்லையில ஊத்துவாங்க. எங்க கொல்லையில அப்படி ஊத்துன இடத்துல ரொம்ப நாள் புல்லு கூட முளைக்கல. மலேசியாவோட 2005 ஷெட்யூல்ட் வேஸ்ட் (ஆபத்தான கழிவு) சட்டத்துல இதுக்கு எஸ்டபிள்யூ 305ன்னு நம்பரே இருக்கு. வாங்குன டப்பாவுலயே திருப்பி ஊத்தி மூடி டவுன் வொர்க்‌ஷாப்ல கேட்டு குடுத்துருங்க, பழைய ஆயில் எடுக்கிற லோரி அங்க வரும்.

பிரேக், டைமிங் பெல்ட், ஏர்பேக் வயர், இதெல்லாம் போமன் கிட்ட விட்டுருங்க, அவர் செய்யும்போது பக்கத்துல நின்னு பாருங்க.

ஆயில் மாத்துன அன்னைக்கு ராத்திரி ஒரு அட்டைப்பொட்டிய பிரிச்சு எஞ்சினுக்கு கீழ விரிச்சு வைங்க. காலையில அட்டையில சொட்டு இருந்தா, அது எந்த இடத்துக்கு நேர் கீழ விழுந்திருக்குன்னு பாத்தா போல்ட்டா ஃபில்டரான்னு தெரிஞ்சிரும், சரி பண்ணிட்டு அப்புறமா வேலைக்கு எடுத்துட்டுப் போங்க.