சிறிய திரவ ஆர்கான் நியூட்ரினோ உணர்கருவி: வடிவமைப்புக் கணக்குகளும் கவனிக்க வேண்டியவையும்

நியூட்ரினோ எனும், பொருளோடு அரிதாகவே வினைபுரியும் நுண்துகளின் மோதல்களைப் படிக்க டன் கணக்கில் ஆர்கான் வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தில் 2009, 2010 ஆண்டுகளில் தரவு சேகரித்த ஆர்கோநியூட் கருவியின் செயல்படும் கொள்ளளவு சுமார் 170 லிட்டர்தான். ஆனால் இந்த அளவில் எது அகப்படும், எது தப்பும் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

20 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் திரவ ஆர்கானில் அரை சென்டிமீட்டர் ஓடி நிற்கும். அது உள்ளேயே முடிந்துவிடும். 1 கிகா எலக்ட்ரான் வோல்ட் மியூவானோ நான்கு மீட்டருக்கு மேல் போகும். ஆகவே நியூட்ரினோக் கற்றையின் திசையில் பின்னால் காந்தப்புலம் கொண்ட ஒரு மியூவான் அளவி தேவை. ஆர்கோநியூட்டுக்கு மினாஸ் அருகமைக் கருவி அந்த வேலையைச் செய்தது. காமா கதிர் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாக மாறுவதற்கு முன் சராசரியாக 18 செ.மீ. கடக்கும் என்பதால், கூடுதல் கொள்ளளவு கிடைத்தால் அதைக் கற்றையின் திசையில் நீட்டுங்கள்.

அடுத்து, எலக்ட்ரான்கள் நகரும் தூரம். மின்னூட்டத் துகள் ஆர்கானிலிருந்து பிரித்துவிடும் எலக்ட்ரான்களை மின்புலம் கம்பித் தளங்களுக்கு இழுத்துச் செல்லும், அங்கேதான் தடம் பதிவாகும். எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் பிறக்கிறது. சென்டிமீட்டருக்கு 500 வோல்ட் புலத்தில் எலக்ட்ரான்கள் மைக்ரோநொடிக்கு ஏறத்தாழ 1.6 மி.மீ. நகரும். 40 செ.மீ. வைத்தால் எதிர்மின்முனையான கேத்தோடில் 20 கிலோவோல்ட், நகர்வு நேரம் 250 மைக்ரோநொடி. புலத்தைச் சீராக வைக்கும் புலக்கூண்டை 2 செ.மீ. இடைவெளியில் 20 படிகளாகப் பிரித்து, படிக்கு 100 மெகா ஓம் மின்தடை வைத்தால் 10 மைக்ரோஆம்பியர் ஓடும், வெப்பம் 0.2 வாட் மட்டுமே. கூண்டின் விளிம்புகளை உருட்டி மெருகேற்றுங்கள். தூய ஆர்கானில் சென்டிமீட்டருக்கு 40 கிலோவோல்ட் அளவிலேயே மின்முறிவு பதிவாகியிருக்கிறது. குமிழிகள் இருந்தால் இன்னும் முன்பே பொறி பறக்கும்.

சிறிய கருவிகள் தோற்பது பெரும்பாலும் தூய்மையில்தான். அழுக்கு விழுங்குமுன் எலக்ட்ரான் சராசரியாகத் தாங்கும் நேரமான எலக்ட்ரான் ஆயுள், மைக்ரோநொடியில், சுமார் 300-ஐ ஆக்சிஜன் அளவால் வகுத்தால் கிடைக்கும். அந்த அளவை நூறு கோடியில் எத்தனை பங்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பங்கு இருந்தால் 250 மைக்ரோநொடி நகர்வில் 43 சதவீத மின்னூட்டமே கம்பிக்கு வந்து சேரும். 0.3 பங்கு என்றால் 78 சதவீதம், 0.1 பங்கு என்றால் 92 சதவீதம். வடிவமைப்பு இலக்காக 1 மில்லிநொடி ஆயுளை வையுங்கள்.

அழுக்கு வரும் இடம் திரவம் அல்ல, அதற்கு மேலே உள்ள வெதுவெதுப்பான வாயுப் பகுதி. குளிரில் மூழ்கிய பொருள் ஏறக்குறைய எதையும் வெளியிடாது. மேல்மூடியருகே தொங்கும் கேபிள் உறைகளும் பிளாஸ்டிக்கும்தான் நீராவியைக் கக்கிக்கொண்டே இருக்கும். கருவி சிறியதாக ஆக, லிட்டருக்கு இந்தப் பரப்பு கூடும். எனவே கேபிள்களைக் குறையுங்கள். ஆவியாகும் வாயுவைத் திரும்பத் திரவத்தில் விடுமுன் கட்டாயம் வடிகட்டியின் வழியே அனுப்புங்கள். நேராகச் சொட்டவிட்டால் அழுக்கும் கூடவே இறங்கும்.

வடிகட்டியில் முதலில் நீரைப் பிடிக்கும் 4 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறுச் சல்லடை, பிறகு ஆக்சிஜனைப் பிடிக்கும் செம்புப் படலமிட்ட அலுமினா. வரிசை மாறினால் செம்பு நீரிலேயே வீணாகும். நிறைந்த செம்பைச் சில சதவீதம் ஹைட்ரஜன் கலந்த ஆர்கானால் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிப் புதுப்பிக்கலாம். நைட்ரஜனை இவை இரண்டுமே பிடிக்காது. துகள் கடக்கும்போது ஆர்கான் உமிழும் ஒளியின் மெதுவான பகுதியை அது அணைக்கும் என்பதால், வாங்கும்போதே பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே கேளுங்கள்.

நிரப்பும் ஒழுங்கு இது. ஒவ்வொரு இணைப்பையும் ஹீலியத்தால் கசிவு சோதியுங்கள். பாத்திரம் தாங்குமானால் நாட்கணக்கில் வெற்றிடத்தில் வைத்து உலர்த்துங்கள். பின் தூய ஆர்கான் வாயு, அதன் பின் மெதுவான குளிர்விப்பு. அவசரப்பட்டால் மெல்லிய கம்பிகள் சட்டத்தைவிட முந்திக் குளிர்ந்து சுருங்கி, இழுவிசை எகிறி அறுந்துவிடும். கடைசியாகத் திரவத்தை வடிகட்டி வழியாகவே நிரப்புங்கள்.

கம்பிக்கு 150 மைக்ரோமீட்டர் பெரிலியம் செம்பு, இடைவெளி 4 மி.மீ., சட்டத்துக்கு ஜி10 கண்ணாடி இழைப் பலகை. அரை மீட்டர் கம்பியை 5 நியூட்டனில் இழுத்தால் அது 185 ஹெர்ட்ஸ் அருகே அதிரும். இழுவிசையை இந்த அதிர்வெண்ணால் ஒவ்வொரு கம்பியிலும் சரிபார்க்கலாம். எலக்ட்ரான்கள் கடந்துபோகும்போதே குறிப்பு தரும் கம்பி அடுக்கான தூண்டல் தளத்தை அவை முழுமையாகக் கடக்க, அதற்கு அடுத்த இடைவெளியில் புலம் முந்தையதைப்போல் குறைந்தது 1.27 மடங்கு இருக்க வேண்டும். பாதுகாப்புக்கு 1.4 மடங்கு வையுங்கள். குறைந்தால் மின்னூட்டம் நடுவிலேயே தொலையும். அது தூய்மைக் குறைவு போலவே தோன்றி ஏமாற்றும்.

குறைந்த ஆற்றலிழப்புத் துகள் 4 மி.மீ.க்கு சுமார் 25,000 எலக்ட்ரான்கள் தரும். முன்பெருக்கியைத் திரவத்துக்குள் கம்பியருகே வைத்தால் இரைச்சல் சில நூறு எலக்ட்ரான்களில் அடங்கும். வெளியே வைத்தால் கேபிளின் மின்தேக்குத்திறன் அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும்.

குளிரூட்டலில் ஒரு மறைந்த ஆபத்து உண்டு. ஆர்கான் 83.8 கெல்வினில் உறையும், 87.3-இல் கொதிக்கும், வளிமண்டல அழுத்தத்தில் திரவ நைட்ரஜனோ 77 கெல்வின். அப்படியே விட்டால் நைட்ரஜன் ஓடும் குளிர்விப்புச் சுருளின்மேல் ஆர்கான் பனிக்கட்டியாகிவிடும். நைட்ரஜனை 2.5 பார் தனியழுத்தத்துக்குச் (வெற்றிடத்திலிருந்து அளந்த அழுத்தம்) சற்று மேலே நிறுத்துங்கள். உள்ளே நுழையும் ஒவ்வொரு வாட் வெப்பமும் மணிக்கு 16 மில்லிலிட்டரை ஆவியாக்கும். 100 வாட் என்றால் 1.6 லிட்டர்.

170 லிட்டர் திரவம் அறை வெப்பநிலையில் 140 கன மீட்டருக்கு மேல் வாயுவாகும். அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கி மூச்சைத் திணறடிக்கும். ஆக்சிஜன் அளவியைத் தரையருகே பொருத்துங்கள். பாத்திரத்துக்கும் அழுத்த விடுவிப்பு வால்வுக்கும் நடுவே எந்த அடைப்பானும் இருக்கக் கூடாது.

இயக்கத் தொடங்கியதும் குறுக்கே கடக்கும் மியூவான் தடங்களை எடுத்து, நகர்வு நேரத்துக்கு எதிராக மின்னூட்டத்தை வரைந்து ஆயுளைக் கணியுங்கள். நேரம் கூடக்கூட மின்னூட்டம் அடுக்குக்குறியாய்ச் சரிந்தால் அழுக்கு. எல்லா நேரத்திலும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் கம்பித் தள மின்னழுத்தங்களைப் பாருங்கள். ஆயுள் ஏறி, பின் தேக்கமடைந்தால் வாயுப் பகுதியில் கசிவையும், வடிகட்டி நிறைந்துவிட்டதா என்பதையும் தேடுங்கள்.