கோடை விடுமுறையில் சம்பளத்தோடு சுற்றுச்சூழல் பயிற்சி: வேலூர்ப் பக்கம் தொடங்குவது எப்படி?

பதினொன்றாவது முடித்த பிள்ளைகள் மே மாதத்தில் என்ன செய்கிறார்கள் என்று குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ கேட்டுப் பாருங்கள். வசதி இருந்தால் கோச்சிங். இல்லாவிட்டால் ஏதாவது கடையில் நிற்பார்கள், அல்லது அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். சுற்றுச்சூழல் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை, சான்றிதழ் மட்டும் தருவோம் என்றால் முதல் வகைப் பிள்ளைகள்தான் வருவார்கள். அதனால் நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் பணத்தைத் திரட்டுங்கள்.

பணம். 5 பேர், நாளுக்கு 250 ரூபாய், 20 நாள் என்று வைத்தால் 25,000 ரூபாய். பஸ் செலவு, தொப்பி, மோர் எல்லாம் தனி. 10 வயது முடிந்தவர்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. வாராவாரம் அந்தக் கணக்கிலேயே போடுங்கள். அப்பா கையில் கொடுத்தால் எங்கே போகும் என்று சில வீடுகளில் சொல்ல வேண்டியதில்லை.

வயதும் நேரமும். 14 வயதுக்குக் கீழே வேண்டாம். 15 முதல் 17 வரை சரியாக இருக்கும். 18 வயது ஆகாதவர்களை ஆபத்தான வேலையில் வைக்கச் சட்டம் தடை போடுகிறது. ஆகவே தோல் பதனிடும் இடத்துக்கு வேலைக்கென்று அனுப்பாதீர்கள். இந்த வயதினருக்குக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வேலை கூடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு மணி நேர ஓய்வு வேண்டும், ஓய்வையும் சேர்த்து ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கத்திரி வெயிலில் விடியற்காலையே கிளம்பலாமே என்று தோன்றும், ஆனால் முடியாது. 8 முதல் 11 வரை வெளிவேலை, 12 முதல் 2 வரை நிழலில் கணக்கெழுதும் வேலை என்று பிரித்துவிடுங்கள். பெற்றோர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பெண் பிள்ளைகள் வர வேண்டுமென்றால் கூடவே ஒரு அக்காவோ டீச்சரோ போக வேண்டும்.

வேலை. போஸ்டர் வரைவது, உறுதிமொழி எடுப்பது எல்லாம் வேலையே இல்லை. யாராவது பிறகு எடுத்துப் பார்க்கிற தகவலாக இருக்க வேண்டும். நம்ம பக்கத்துக்குக் கிணறு அளப்பதுதான் பொருத்தம். கயிற்றில் கல் கட்டி, கைப்பிடிச் சுவரின் மேலிருந்து தண்ணீர் வரை அளந்து, அதில் சுவரின் உயரத்தைக் கழித்தால் தரையிலிருந்து எத்தனை ஆழத்தில் தண்ணீர் என்று வந்துவிடும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அளவு ஏமாற்றும். எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுவர் இல்லாத கிணற்றை விட்டுவிடுங்கள்.

அப்புறம் டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி. இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. ஆனால் தோல் பதனிடும் கழிவில் வரும் குரோமியத்தை இந்த மீட்டர் தனியாகக் காட்டாது. பாலாற்றங்கரையில், அதுவும் ராணிப்பேட்டைப் பக்கம், எண் குறைவாக வந்துவிட்டதே என்று யாரிடமும் "தண்ணீர் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்புங்கள்.

ஆட்களைச் சந்திப்பது. வாரம் ஒருவர் போதும்: வனவர், ஆய்வகப் பணியாளர், தோல் தொழிற்சாலைக் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்குபவர், வழக்கறிஞர். வழக்கறிஞரை விட்டுவிடாதீர்கள். தோல் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்ன படித்தார், முதல் சம்பளம் எவ்வளவு என்று பிள்ளைகளே கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

கடைசி வாரம். கிணற்று எண், தேதி, ஆழம், டிடிஎஸ் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் எழுதி, ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அளந்த பிள்ளைகளே அதை வாசிக்கட்டும்.