துளையும் நாக்கும்: இரும்பாணி இல்லாத முதல் மரமூட்டு

நான் செய்த முதல் ஸ்டூல் சேலத்து வீட்டு மொட்டைமாடியில் கிடக்கிறது. யாரும் அதில் உட்காருவதில்லை, ஆடும். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் வளர்க்கிறார்களே சில்வர் ஓக், அந்தப் பலகைதான். ஐப்பசி மழையில் ஈரம் ஊறியதைக் கீழே கொண்டுவந்த வாரமே வெட்டி ஒட்டிவிட்டேன். மாசி, பங்குனி வெயிலில் மரம் சுருங்கியது, மூட்டு விட்டுப்போனது. மரம் நீளவாக்கில் அனேகமாகச் சுருங்காது, குறுக்கே நன்றாகச் சுருங்கும். அதனால் வாங்கிய மரத்தை அடியில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, காற்றோட்டமான நிழலில் சில மாதமாவது அடுக்கி வையுங்கள். சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு 2 அங்குல அகலம், 1½ அங்குலத் தடிமன், ஓரடி நீளத்தில் இரண்டு துண்டு போதும். ஒன்றில் துளை, இன்னொன்றின் நுனியில் அதற்குள் நுழையும் நாக்கு. நாக்கின் தடிமன் சட்டத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. ஆசாரிக் கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல். 1½ அங்குலம் என்றால் 12 நூல், நாக்குக்கு 4 நூல். அதாவது அரை அங்குல உளி.

கோடு போடுதல்

இழைத்து நேராக்கிய ஒரு 2 அங்குல முகத்தில், இரண்டு துண்டிலும், பென்சிலால் பிள்ளையார் சுழி மாதிரி ஒரு குறி போடுங்கள். மரத்தில் கோடு கீறும் கருவியான கேஜின் கட்டை எப்போதும் அந்த முகத்தில்தான் ஒட்டி ஓட வேண்டும். துளைக்கு ஒரு பக்கமும் நாக்குக்கு எதிர்ப்பக்கமும் வைத்துக் கீறினால், நடுவில் அரை நூல் பிசகினாலும் மூட்டில் ஒரு நூல் படியாகத் தெரியும்.

இரண்டு முள் கேஜில் இடைவெளியை ஸ்கேல் பார்த்து வைக்க வேண்டாம். அரை அங்குலம் என்று வாங்கிய உளி 12 மி.மீ. மட்டுமே இருக்கலாம். உளியின் வாயையே முள்ளுக்கு நடுவே வைத்துத் திருகை இறுக்குங்கள். அதே அமைப்பில் இரண்டு துண்டையும் கீறி முடிக்கும்வரை திருகைத் தொடக்கூடாது. துளையின் நீளம் 1½ அங்குலம், நாக்கின் அகலமும் அதே. நாக்கு எழும்பும் இடத்தில், அதன் தோளில், மூலைமட்டம் வைத்துக் கத்தியால் சுற்றிலும் கீறுங்கள். பென்சில் கோடு இங்கே தடிமன்.

துளை முதலில்

துண்டைக் கிளாம்பில் இறுக்குங்கள். ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டே அடிப்பார்கள், நமக்கு அது இப்போது வேண்டாம். நடுவில் ஆரம்பித்து, உளியைச் செங்குத்தாகப் பிடித்து, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) அடித்துக்கொண்டே இரண்டு ஓரத்துக்கும் நகருங்கள். ஓரங்களில் ஒரு நூல் மிச்சம் வையுங்கள். சில்லை நெம்பி எடுக்கும்போது நசுங்குவது அந்த மிச்சமாகவே இருக்கட்டும், கடைசியில் சீவிக்கொள்ளலாம். ஆழம் 1¼ அங்குலமும் அரை நூலும்.

நாக்கு

நாக்கின் நீளம் 1¼ அங்குலம். அந்த அரை நூல் இடம் பசைக்கு. வாளைக் கோட்டின் மேல் ஓட்டாமல், கழிவுப் பக்கம் ஒட்டி ஓட்டுங்கள். முதலில் பக்கங்கள், அப்புறம் தோள்.

பொருத்திப் பார்த்தல்

கையால் தள்ளினால் பாதி போக வேண்டும், மீதி கொட்டாப்புளியின் மெல்லிய தட்டலில். ஓங்கி அடித்தால் துளைச் சட்டம் பிளக்கும். இறுக்கமாக இருந்தால் கழற்றிப் பாருங்கள், உரசிய இடம் பளபளக்கும். அங்கே மட்டும் சீவுங்கள். சீவுவது நாக்கை, துளையை அல்ல. தளர்ந்துவிட்டதா? இழைப்புளிச் சுருளில் ஒன்றை நாக்கில் ஒட்டி, காய்ந்ததும் மறுபடி சீவலாம். நான் பலமுறை செய்திருக்கிறேன்.

சரியென்றால் ஃபெவிகால் தடவி ஒரு நாள் கிளாம்பில் விடுங்கள். மூங்கில் ஆணியும் அடிக்கலாம்.

ஆனால் இந்த முதல் மூட்டை ஒட்டாதீர்கள். பொருத்தியபடியே நடுவில் அறுத்துத் திறந்து பாருங்கள். வெளியே அழகாகத் தெரிந்த மூட்டுக்குள் உளி எங்கே சாய்ந்தது என்பது அப்போது தெரியும். என்னுடையது அடியில் இரண்டு நூல் சாய்ந்திருந்தது.