மேக்ஸிமால, அதான் அல்ஜீப்ரா கணக்கு போடற சாஃப்ட்வேர்ல, லிஸ்ட் உருவாக்கற ஃபங்ஷன் எழுதறீங்களா?

லூப் போட்டு ஒவ்வொரு எலிமெண்ட்டா எண்ட்கான்ஸ்ங்கற (endcons) கமாண்ட் வச்சு கடைசில ஒட்டிட்டே போனா சின்ன லிஸ்ட்ல ஒண்ணும் தெரியாது, 10,000 தாண்டினா இழு இழுன்னு இழுக்கும், ஏன்னா அடியில இருக்கறது லிஸ்ப்ங்கற புரோகிராமிங் மொழி, ஒவ்வொரு தடவையும் மொத்த லிஸ்டையும் காப்பி பண்ணித்தான் கடைசில சேர்க்கும். அதுக்கு பதிலா கான்ஸ் (cons) போட்டு முன்னாடி சேர்த்துட்டு முடிவுல ஒரே ஒரு ரிவர்ஸ், அவ்ளோதான். ஒவ்வொரு எலிமெண்ட்டுக்கும் ஃபார்முலா கைல இருந்தா லூப்பே வேணாம், மேக்லிஸ்ட் (makelist) போதும்.

இன்னொண்ணு, நான் ஒரு ராத்திரி முழுக்க மண்டைய உடைச்சது: [3, 5, 7]னு ஒரு லிஸ்ட், அதை வேற பேர்ல அசைன் பண்ணி முதல் இடத்துல 99 வச்சேன், பழைய லிஸ்டும் [99, 5, 7] ஆயிடுச்சு! பேருதான் ரெண்டு, லிஸ்ட் ஒண்ணுதான். தனியா வேணும்னா காப்பிலிஸ்ட் (copylist) போடுங்க. அப்புறம் இன்டெக்ஸ் 1ல இருந்துதான், பைத்தான் பழக்கத்துல 0 போட்டா எரர் வரும்.