விலங்கு அலர்ஜி உள்ள பிள்ளைக்கு எந்தச் செல்லப்பிராணி?

'முடி கொட்டாத பூனை, அலர்ஜி தராத நாய்' என்று விற்கிறவர்களை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். தும்மலுக்குக் காரணம் முடி அல்ல. எச்சிலிலும் தோலிலும் ஊறும் புரதங்கள். பூனை நக்க நக்க அது உடம்பெல்லாம் பூசப்பட்டு, காய்ந்து, பொடியாக உதிர்ந்து காற்றில் மிதக்கும். மொட்டைப் பூனைக்கும் எச்சில் உண்டுதானே. பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்த பிறகும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் அந்தப் புரதம் மாதக்கணக்கில் கிடக்கும்.

முதலில் உண்மையான காரணத்தைக் கண்டுபிடியுங்கள். திருகோணமலையில் ஐப்பசி முதல் தை வரை வீடே ஈரலித்துக் கிடக்கும். தலையணையில் தூசி உண்ணியும் சுவரில் பூஞ்சணமும் பெருகும் காலம் அது. அப்போது வரும் தும்மலுக்கும் பூனைதான் பழி சுமக்கும். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். செற்றிரிசின், பிரிட்டோன் போன்ற அலர்ஜி மருந்து குடித்திருந்தால் முடிவு பிழையாகும். ஏறக்குறைய ஒரு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். முட்டு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையின் இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தக்கூடாது.

முயலும் கினிப் பன்றியும் சிறியவை என்பதால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அவற்றின் மூத்திரத்திலும் எச்சிலிலும் அலர்ஜிப் புரதம் உண்டு. கூட்டைத் துப்புரவாக்கும்போதுதான் அதிகம் கிளம்பும். லவ் பேர்ட்ஸ் இறகுத்தூள் கொட்டும். நட்சத்திர ஆமையைப் பிடித்து வளர்ப்பது சட்டப்படி குற்றம். வேறு ஆமையானாலும் சல்மொனெல்லா கிருமி தொற்றலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வேண்டாம்.

எங்கள் தெரிவு மீன், அதிலும் கப்பி. அதற்கு 24 முதல் 28 பாகை செல்சியஸ் போதும். இங்கே ஹீற்றர் தேவையில்லை. தண்ணீர் கொஞ்சம் உவர்த்தாலும் தாங்கும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி ஏறக்குறைய 50 லீற்றர் பிடிக்கும். குழாய்த் தண்ணீரை வாளியில் 24 மணித்தியாலம் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். பில்டரைப் போட்டு முதலில் மூன்று மீன் மட்டும் விடுங்கள். கழிவு அமோனியாவைத் தின்னும் நல்ல பக்டீரியா வளர நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். முதல் நாளே பத்து மீனை விட்டவர்களின் தொட்டியில்தான் ஒரு கிழமைக்குள் மீன் மிதக்கும். பக்டீரியா வளர்ந்த பிறகு எட்டு வரை சேர்க்கலாம். எல்லாம் ஆணாக இருக்கட்டும், இல்லாவிட்டால் குஞ்சு பெருகி முடியாது. கிழமைக்கு ஒரு தரம் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். பில்டர் பஞ்சைக் குழாயில் கழுவினால் பக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

மீனில் பயம் இல்லை, தீனில் உண்டு. காயவைத்த சிவப்புப் புழு சிலருக்குக் கடும் அலர்ஜி தரும். தூளாகும் தீனும் மூக்கில் ஏறும். குறுணித் தீன் வாங்கி, பெரியவர்களே போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். தொட்டிக்கு மூடி வேண்டும். திறந்த தொட்டி படுக்கையறையில் இருந்தால் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். விறாந்தையில், வெயில் நேரே படாத மூலையில் வையுங்கள்.

பிள்ளை நாய்தான் வேண்டுமென்று நின்றால், எடுக்கப்போகும் அதே நாயோடு பல நாட்கள், ஒவ்வொரு தரமும் அரை மணித்தியாலமாவது பூட்டிய அறைக்குள் இருக்கவிட்டுப் பாருங்கள். முட்டு உள்ள பிள்ளையென்றால் வைத்தியர் சரி என்ற பிறகு மட்டும். கச்சான் காற்று வீசும் ஆடியில், கதவெல்லாம் திறந்த வீட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாரியில் பூட்டிய அறைக்குள் அதே நாயால் இழுப்பு வரலாம்.