மாநில மின்கட்டமைப்பை நவீனமாக்கும் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மாநில அரசு தன் மின்கட்டமைப்பை நவீனமாக்க முடிவெடுத்ததும், பெரும்பாலும் முதலில் தயாராவது கொள்முதல் பட்டியல்தான்: இத்தனை லட்சம் ஸ்மார்ட் மீட்டர்கள், இத்தனை துணை மின்நிலையங்கள், இத்தனை மெகாவாட் பேட்டரிகள். எந்தக் குறையைத் தீர்க்க இவை வாங்கப்படுகின்றன, பத்து ஆண்டுகள் கழித்து எந்தப் பகுதியில் எவ்வளவு மின்பளு (ஒரே நேரத்தில் தேவைப்படும் மின்சாரம்) ஏறும் என்ற கணக்கு அதற்குப் பிறகே போடப்படுகிறது. சில இடங்களில் போடப்படுவதே இல்லை. வரிசை இப்படித் தலைகீழாவதே மற்ற பல தவறுகளுக்கும் வேர்.

மின்பயன்பாட்டைத் தானே பதிந்து அனுப்பும் ஸ்மார்ட் மீட்டரையே எடுத்துக்கொள்வோம். அதன் பதிவுகளை மின்மாற்றி வாரியாகக் கூட்டிப் பார்த்தால், எந்த மின்மாற்றி மாலை நேரத்தில் திணறுகிறது, எங்கே மின்இழப்பு அதிகம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆனால், எந்த வீட்டுக்கு எந்த மின்மாற்றியிலிருந்து இணைப்புப் போகிறது என்ற ஆவணம் சரியாக இல்லாத ஊரில் இதைச் செய்ய முடியாது. அங்கே அத்தனை மீட்டர்களும் ரீடிங் எடுக்கும் வேலையை மிச்சப்படுத்துவதோடு நின்றுவிடும். ஆவணங்களைச் சீர்செய்யும் வேலை, மீட்டர் வாங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

மின்உற்பத்தியை முதலில் பெருக்கிவிட்டு மின்பாதையைப் பின்னர் யோசிப்பது அடுத்த தவறு. சூரிய மின்பண்ணையை ஓரிரு ஆண்டுகளில் நிறுவிவிடலாம். நில உரிமை, அனுமதி, வழக்கு என்று இழுபடும் உயர் அழுத்த மின்பாதைக்கோ பல நேரங்களில் பத்து ஆண்டுகள்கூட ஆகின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மேற்குப் பகுதிக் காற்றாலைகளின் மின்சாரத்தைக் கொண்டுவரப் போதிய பாதை இல்லாததால், 2009இல் அம்மாநிலக் காற்றாலை மின்சாரத்தில் சுமார் 17 சதவீதம் வீணானது. நல்லவேளையாக, அம்மாநிலம் 2005லேயே சட்டம் இயற்றி, காற்று வளமுள்ள மண்டலங்களைத் தேர்ந்தெடுத்து, ஆலைகள் முழுமையாக வரும் முன்பே பாதைகளைத் திட்டமிட்டிருந்தது. சுமார் 5,800 கிலோமீட்டர் மின்பாதைகள் 2014 தொடக்கத்தில் நிறைவடைந்தபோது, அந்த வீணடிப்பு ஏறக்குறைய மறைந்தே போனது.

அதே டெக்சாஸ் இன்னொரு தவறுக்கும் சான்றாக நிற்கிறது. 2011 பிப்ரவரிக் குளிரில் மின்நிலையங்களும் எரிவாயுக் கிணறுகளும் உறைந்து நின்றன. விசாரணை அறிக்கை குளிர்காப்பு ஏற்பாடுகளைப் பரிந்துரைத்தும், அவை கட்டாயமாக்கப்படவில்லை. 2021 பிப்ரவரியில் அதைவிடக் கடுமையான குளிர் வந்தபோது, மின்பளுவைக் குறைப்பதற்காகத் துண்டிக்கப்பட்ட இணைப்புகளில் எரிவாயுவைக் குழாய்களில் செலுத்தும் நிலையங்களும் இருந்தன. அவை அத்தியாவசிய இணைப்புகளாகப் பதிவு செய்யப்படாததே காரணம். அவை நின்றதால் எரிவாயு குறைந்தது; எரிவாயு குறைந்ததால் மின்உற்பத்தி மேலும் சரிந்தது. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் உயிரிழந்தனர். ஒரு பதிவேட்டில் சில வரிகள் விடுபட்டதும் இவ்வளவு பெரிய துயரத்துக்குத் துணைபோனது என்பதை எந்தத் திட்டக்குழுவும் மறந்துவிடக் கூடாது. கடந்த ஆண்டுகளின் சராசரி வெப்பநிலையை மட்டும் வைத்துத் திட்டமிடாமல், மோசமான வாரம் ஒன்றையும், மின்சாரத்தை நம்பியிருக்கும் குடிநீர், எரிவாயு, தொலைத்தொடர்பு சேவைகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கூரைச் சூரியத் தகடுகள் பெருகும் தெருக்களில் நண்பகல் மின்சாரம் வீட்டிலிருந்து மின்மாற்றியை நோக்கித் திரும்பிப் பாய்கிறது. ஒரே திசை ஓட்டத்துக்கென அமைக்கப்பட்ட பாதுகாப்புக் கருவிகளை அப்போது மறுஆய்வு செய்தாக வேண்டும். பல மாநிலத் திட்டங்கள் உயர் அழுத்தப் பாதைகளோடு முடிந்துவிடுவதால் வீடுகளுக்கு மின்சாரம் தரும் இந்தக் கடைசிக் கம்பம் கவனிப்பாரற்றுப் போகிறது.

பராமரிப்பு நிதியை வெட்டிப் புதிய கருவிகளுக்குத் திருப்புவதும் ஆபத்தானது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் வெட்டப்படாத மரங்களில் மின்பாதைகள் உரசியதும், கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்திருந்ததும் சேர்ந்துதான் சுமார் 5 கோடிப் பேரை இருளில் தள்ளின.

கடைசியாக, மின்கட்டணத்தை முடிவுசெய்யும் ஒழுங்குமுறை ஆணையங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மின்நிறுவனம் போடும் முதலீட்டுக்கு ஏற்ப அதன் லாபம் உயரும் கட்டண முறை இருந்தால், மாலை நேரப் பளுவை நண்பகலுக்கு மாற்றிச் சமாளிக்கக்கூடிய இடத்திலும் புதிய துணை மின்நிலையமே முன்மொழியப்படும். எனவே ஒவ்வொரு பெரிய முன்மொழிவோடும், அதே தேவையைக் கட்டுமானம் இன்றி நிறைவேற்ற என்ன செலவாகும் என்ற ஒப்பீட்டையும் ஆணையம் கேட்டுப் பெற வேண்டும். அது இல்லாத முன்மொழிவைத் திருப்பி அனுப்ப வேண்டும்.